அரை மிதி

கியர் போடுவது எல்லாருக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும். நியூட்ரல் போடத்தான் மாதக்கணக்காகும். கிளட்ச் மோட்டார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது புரியும். சிரம்பான் டவுனில் சிவப்பு விளக்கு விழுகிறது, வண்டி நின்றுவிட்டது, கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து இடது கை வலிக்கிறது. கால் நுனியால் மெதுவாகத் தூக்கினால் இரண்டாம் கியர். மெதுவாக அமுக்கினால் முதல் கியர். திரும்பத் தூக்கினால் மறுபடியும் இரண்டு. மீட்டரில் அந்தப் பச்சை எழுத்து எரியவே எரியாது. அதற்குள் சாலை விளக்கு பச்சையாகிவிடும், பின்னால் இருக்கும் லோரிக்காரர் ஹார்ன் அடிப்பார்.

கப்சாய் மட்டுமே ஓட்டியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நம் தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டப் போன தாத்தாவும் கப்சாய்தான் ஓட்டினார், பள்ளிக்கூடத்தில் நம்மை இறக்கிவிட்ட அப்பாவும் கப்சாய்தான் ஓட்டினார். 1958இல் ஹோண்டா கொண்டுவந்த சூப்பர் கப் அதற்கெல்லாம் மூதாதை. 2017இல் அந்தக் குடும்ப வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. அதில் கிளட்ச் பிடி கிடையாது, நியூட்ரல் வரிசையின் அடியில் இருக்கும். தேடவே வேண்டாம். பல்சார் மாதிரி வண்டிக்கு மாறும்போதுதான் கதை மாறும். அங்கே நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே, முழு மிதியில் வராமல் அரை மிதியில் இருக்கிறது.

கியர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும். கியர் மாற்றும்போது பல்சக்கரங்கள் பிரிந்து சேர்கின்றன என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எல்லாச் சக்கர ஜோடிகளும் எந்நேரமும் ஒன்றையொன்று கடித்தபடியே இருக்கும். சக்கரத்தின் பக்கவாட்டில் கட்டை கட்டையாகச் சில பற்கள் இருக்கும், ‘டாக்’ என்பார்கள். அந்தக் கட்டைப் பல் பக்கத்துச் சக்கரத்தின் குழிக்குள் நுழைந்தால் கியர் விழுந்தது என்று அர்த்தம். எதற்குள்ளும் நுழையாமல் நின்றால் நியூட்ரல். நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு சக்கரம் கிடையாது, அது வெறும் இடைவெளி.

அந்த இடைவெளியில் வண்டியை நிறுத்தி வைப்பது ஒரு சின்னப் பள்ளம். கியர் உருளையின் முனையில் நட்சத்திரம் மாதிரி ஒரு தட்டு இருக்கும். அதன் பள்ளங்களில் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு உருளை வந்து உட்காரும். கியர்களுக்கு ஆழமான பள்ளம், நியூட்ரலுக்கு மட்டும் மேலோட்டமான பள்ளம். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஓட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுவில் மாட்டிக்கொள்ளக்கூடாது, முழு மிதி அதைத் தாண்டிவிட வேண்டும்.

சரி, நின்ற வண்டியில் ஏன் மாட்டமாட்டேன் என்கிறது? கிளட்ச் கம்பி தளர்ந்திருந்தாலோ இன்ஜின் எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ, பிடியை முழுசாக அமுக்கினாலும் கிளட்ச் முழுசாகப் பிரியாது. இன்ஜின் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். இழுவை இருக்கும்வரை கட்டைப் பல் குழியின் சுவரோடு அழுந்திக் கிடக்கும். அழுந்திய பல் லேசில் நகராது. நமக்கு எரிச்சல் வந்து காலில் பலம் கொடுப்போம். பல் விடுபடும் அந்த நொடியில், கொடுத்த பலம் எல்லாம் சேர்ந்து அதைச் சின்னப் பள்ளத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு போய் இரண்டில் போட்டுவிடும். பலம் கொடுக்கக் கொடுக்க நியூட்ரல் தள்ளித்தான் போகும்.

எங்கள் பக்கத்துப் பட்டறை போமன் அண்ணன் இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் சொல்வதில்லை. கம்பியைச் சரியாக இழுத்துக் கட்டுவார், எண்ணெய் எப்போ மாத்தினே என்று கேட்பார். அதற்குப் பிறகு ஒரே வாக்கியம். “நின்ன பிறகு தேடாதே தம்பி, நிக்கப் போறப்பவே போட்டுடு.” வண்டி இன்னும் கொஞ்சம் உருண்டுகொண்டிருக்கும்போது டாக்கும் குழியும் ஒன்றுக்கொன்று நகர்ந்தபடி இருக்கும், அழுத்தம் விட்டு விட்டு வரும். அப்போது இரண்டிலிருந்து நுனிக்காலால் தொட்டாலே போதும். நின்றுவிட்டாலும் வழி உண்டு. வண்டியை முன்னும் பின்னும் ஒரு ஆட்டு ஆட்டினால் இழுவை தளரும்.

இதையெல்லாம் நம் இதழில் எதற்கு எழுதுகிறான் என்று கேட்பீர்கள். நம் பசங்களிடம் எந்தச் சண்டையைப் பற்றிக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. “நான் நியூட்ரல், புரோ.” அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எரியாத பச்சை விளக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது. மோட்டாரில் இவ்வளவு சிரமப்பட்டுத் தேட வேண்டிய ஒன்று, வாழ்க்கையில் மட்டும் வாயைத் திறந்தவுடன் எப்படி விழுகிறது? சந்தேகமாக இருக்கிறது. நியூட்ரல் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைத்துவிட்டவர்கள் என்பது என் கணிப்பு. இரண்டு வண்டியும் நிற்கத்தான் செய்யும். ஆனால் நியூட்ரலில் இன்ஜின் ஓடுகிறது, வேண்டியபோது உடனே கியர் விழும்.

கீதையில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன என்பதை வகுப்பில் படித்தபோது எனக்கு ஆச்சரியம். 6ஆம் அத்தியாயம் 9ஆம் சுலோகத்தில் யார் யாரையெல்லாம் சம புத்தியோடு பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை வருகிறது. நண்பன், பகைவன், உறவினன் என்று போகும் அந்த வரிசையில் ‘உதாசீனன்’ என்றும் ‘மத்யஸ்தன்’ என்றும் அடுத்தடுத்து வரும். இரண்டும் ஒன்றுதானே, எதற்கு இரண்டு முறை? ஆதிசங்கரர் தம் உரையில் பிரித்துக் காட்டுகிறார். உதாசீனன் எந்தப் பக்கமும் சேராதவன். மத்யஸ்தன் மோதிக்கொள்ளும் இரண்டு பேருக்கும் நல்லது வேண்டும் என்று நினைப்பவன்.

இந்த இரண்டு சொல்லும் தமிழுக்கு வந்து என்ன ஆனது பாருங்கள். மத்தியஸ்தர் என்றால் இன்றைக்கும் நமக்கு மரியாதை. உதாசீனம் என்றால் அலட்சியம், மதிக்காமல் விடுவது. “என்னை உதாசீனப்படுத்திட்டான்” என்கிறோம். கீதை சொன்ன உதாசீனன் அப்படிப்பட்டவன் இல்லை. 14ஆம் அத்தியாயத்தில் குணங்களைக் கடந்தவனை வர்ணிக்கும் இடத்தில்கூட, அவன் உதாசீனனைப் ‘போல’ இருப்பான் என்றுதான் வருகிறது. அந்தப் ‘போல’வை நாம் வசதியாக விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். வெளியே பார்த்தால் வண்டி சும்மா நிற்பது போல இருக்கிறது, உள்ளே இன்ஜின் சத்தம்.

போன வருடம் எனக்கு இது சுலோகமாக இல்லாமல் வீட்டுப் பிரச்சனையாகவே வந்தது. மந்தின் பக்கம் எங்கள் தோட்டக் கோயிலில் திருவிழா முடிந்து கணக்கு வாசிக்கும் கூட்டம். கோயிலின் பெயர் இங்கே வேண்டாம். கணக்கு வைத்திருந்தவர் என் தாய்மாமா. பதினைந்து வருடமாக அவர்தான் வைத்திருக்கிறார். என்னை விட இரண்டு வயது சின்ன ஒரு தம்பி எழுந்து, அன்னதானச் செலவுக்கு ரசீது எங்கே என்று கேட்டான். அவனுக்குக் கமிட்டியில் பதவி இல்லை, அப்பா இல்லை, தொழிற்சாலையில் வேலை. கேட்ட விதமும் கொஞ்சம் சூடுதான். பெரியவர்கள் கொதித்துவிட்டார்கள். அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தலைவர் சொல்ல, அவன் முடியாது என்று சொல்ல, கடைசியில் மாமாவே என்னைக் கை காட்டினார்.

“இவன் படிச்சவன். யாரு பக்கமும் சாயமாட்டான். இவனே பார்க்கட்டும்.”

வெளியே வந்ததும் அந்தத் தம்பி கேட்டான். “அண்ணே, உங்க மாமா கணக்கை நீங்களே பார்த்தா எப்படிண்ணே?”

சரியான கேள்வி. இந்த இடத்தில் சென்னையில் செய்த பழைய புல்லட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1955இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் பல காலம் ஓடிவந்த நாலு கியர் புல்லட்டில், கியர் மிதிக்குப் பக்கத்தில் நியூட்ரல் தேடுவதற்கென்றே இன்னொரு சின்ன மிதி வைத்திருந்தார்கள். நாலாம் கியரில் இருந்தாலும் மூன்றில் இருந்தாலும் இரண்டில் இருந்தாலும் கிளட்ச்சைப் பிடித்துக் குதிகாலால் ஒரு அமுக்கு, நேராக நியூட்ரல். அருமையான ஏற்பாடு. ஒரு இடத்தில் மட்டும் அது வேலை செய்யாது, முதல் கியரில். இழுவை அதிகமாக இருக்கும் கியர் அதுதான். எனக்கு மாமா முதல் கியர். ஐந்து வயதில் என்னைக் கப்சாயின் முன்னால் நிற்க வைத்து மந்தின் டவுனுக்குக் கூட்டிப்போனவர். நான் நியூட்ரல் என்று வாயால் சொல்லிவிட்டால் அந்த இழுவை போய்விடுமா?

அதனால் அடுத்த கூட்டத்தில் எழுந்து இரண்டு விஷயம் சொன்னேன். இவர் என் மாமா, அது எல்லாருக்கும் தெரியும், கணக்கைப் பார்க்கும்போது அது என் கண்ணில் இருக்கத்தான் செய்யும். ஆகவே தனியாகப் பார்க்க மாட்டேன், எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சொந்தமில்லாத ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் கூட உட்கார வேண்டும். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று இரவு உட்கார்ந்தோம். அரிசி, காய்கறி, கூடாரம் எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. உறுமி மேளக்காரர்களுக்கும் பூக்காரருக்கும் லோரிக்கும் கொடுத்த பணத்துக்கு இல்லை. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. பணம் போகவில்லை என்று காட்டவும் ஆதாரம் இல்லை, போனது என்று காட்டவும் ஆதாரம் இல்லை. அதை அப்படியே எழுதினோம். தம்பி ‘கையாடல்’ என்ற சொல் வர வேண்டும் என்றான், எழுத மறுத்துவிட்டேன். மாமா ‘கணக்கு சரியாக இருக்கிறது’ என்று ஒரு வரி கேட்டார், அதையும் எழுதவில்லை. ரசீது இல்லாத மூன்று செலவையும் கூட்டத்தில் சத்தமாக வாசித்தேன். மாமா நடுவிலேயே எழுந்து போய்விட்டார். அம்மா அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. “நீ நியூட்ரலா இருந்திருக்கலாமே தம்பி, எதுக்கு வம்பு?” இதைத்தான் எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் செய்ததுதான் நியூட்ரல். அவர்கள் கேட்டது, ஒன்றும் சொல்லாமல் விடுவது. வள்ளுவர் நடுவு நிலைமை என்று ஒரு அதிகாரமே, 12ஆவது அதிகாரம், எழுதியிருக்கிறார். அதில் சான்றோருக்கு அவர் காட்டும் உவமை தராசு. தராசு பொருள் வைக்கும் முன் நேராக நிற்க வேண்டும், வைத்த பிறகு எது கனமோ அந்தப் பக்கம் இறங்க வேண்டும். எதை வைத்தாலும் அசையாமல் நேராகவே நிற்கும் தராசை யாராவது கடையில் வைத்திருப்பார்களா? அது துருப்பிடித்த தராசு.

ஒன்றும் சொல்லாமல் விட்டால் யாருக்கும் பாதகமில்லை என்று நினைக்கிறோம் அல்லவா, அதையும் மோட்டாரில்தான் பார்க்க வேண்டும். மந்தினிலிருந்து சிரம்பான் போகும் பழைய சாலை, கூட்டரசு சாலை எண் 1, மலை ஏறி இறங்கும். வளைவுக்கு மேல் வளைவு. எண்ணெய் மிச்சம் என்று நம்பி அந்த இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விடுகிறவர்கள் உண்டு. முதலில் எண்ணெய் விஷயம். இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் பெரும்பாலானவை, கியரில் இருந்தபடி த்ராட்டலை மூடி இறங்கும்போது எண்ணெய் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் இறங்கினால் இன்ஜின் அணையாமல் இருக்கக் குடித்துக்கொண்டேதான் வரும். அடுத்தது பெரிய விஷயம். கியரில் இருந்தால் இன்ஜின் சக்கரத்தைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் பிரேக் மட்டும்தான், அதுவும் சூடேறிக்கொண்டே போகும். சமதரையில் நியூட்ரலில் நிற்கும் வண்டி எந்தப் பக்கமும் போகாது. சரிவில் அதே வண்டி ஒரே பக்கம்தான் போகும், சரிவு இழுக்கும் பக்கம்.

எங்கள் கூட்டம் சமதரை இல்லை. ஒரு பக்கம் பதினைந்து வருடப் பொருளாளர், தலைவர், பெரியவர்கள். இன்னொரு பக்கம் பதவியில்லாத ஒரு பையன். அங்கே இருபது இளைஞர்கள் நியூட்ரல் என்று உட்கார்ந்தால், அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். யாரும் அவனுக்கு எதிராகக் கை தூக்க வேண்டியதில்லை. அதற்காக அவன் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. மாமாவைத் திருடன் என்று சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. ரசீது கேட்க அவனுக்கு உரிமை இருந்தது, அவ்வளவுதான்.

செப்பாங்கில் ஓடும் மோட்டோஜிபி வண்டிகளில் நியூட்ரலை முதல் கியருக்கும் கீழே தள்ளி, தனியாக ஒரு நெம்புகோலை இழுத்தால்தான் விழும்படி வைத்திருக்கிறார்கள். வளைவில் வேகமாகக் கியர் குறைக்கும்போது தெரியாமல் நியூட்ரலில் விழுந்துவிடக்கூடாது என்ற பயம். கவாசாகி இதற்கு நேர் எதிரான வசதி ஒன்றைச் செய்தது. கியர் பெட்டிக்குள் சில சின்ன உருண்டைகள் இருக்கும். வண்டி ஓடும்போது சுழற்சியில் அவை வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும். வண்டி நின்றால் உள்ளே விழுந்து இரண்டாம் கியருக்கான வழியை அடைத்துவிடும். அப்புறம் முதல் கியரிலிருந்து எவ்வளவு முரட்டுத்தனமாகத் தூக்கினாலும் நியூட்ரல்தான். முற்றிலும் நின்றால் மட்டும் நியூட்ரல், ஓடும்போது வழிவிடு. அதை வடிவமைத்த பொறியாளரை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

ஓடும்போது நியூட்ரலுக்குப் போனவர் என்றால் பலராமர் ஞாபகம் வருகிறது. பீமனும் துரியோதனனும் இருவருமே அவரிடம் கதாயுதம் கற்றவர்கள். குருக்ஷேத்திரத்தில் யார் பக்கமும் சேரமாட்டேன் என்று சரஸ்வதி நதிக்கரைக்குத் தீர்த்தயாத்திரை போய்விட்டார். நியாயமாகத்தான் தோன்றுகிறது. திரும்பி வந்தது கடைசி நாள், இரண்டு சிஷ்யர்களும் மோதும் நேரம். பீமன் தொடையில் அடித்ததைப் பார்த்ததும் கலப்பையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார், கண்ணன்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்த பலமெல்லாம் ஒரே நொடியில் காலுக்கு வந்து, வண்டி இரண்டாம் கியரில் விழுந்த மாதிரி. சூதாட்ட சபையில் துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன் எழுந்து, திரௌபதியைப் பணயம் வைத்தது தர்மமில்லை என்று பேசினான். அவன் கட்சி மாறவில்லை. பின்னால் அண்ணன் பக்கம் நின்றுதான் செத்தான். ஆனாலும் அன்றைய சபையில், விதுரரை விட்டால், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தவன் அவன்தான் என்று எனக்குத் தோன்றும். என் நண்பர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. பலராமர் வெளியே போனதால்தான் யது குலம் போருக்கு முன்பே இரண்டாகப் பிளக்கவில்லை என்கிறார்கள். அதிலும் விஷயம் இருக்கிறது. ஒட்டுக்கடையில் இதைப் பேசி இரண்டு தெ தாரிக் ஆறிப்போயிருக்கிறது.

மாமா இன்னும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தீபாவளிக்கு அத்தை மட்டும் முறுக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். தம்பி பார்க்கும்போது தலையை மட்டும் ஆட்டுவான், அவனுக்கும் என் மேல் முழுத் திருப்தி இல்லை. இந்த வருடத் திருவிழாவுக்குக் கணக்கு எழுத யாரும் முன்வராததால் அந்த வேலையை நான் எடுத்திருக்கிறேன். உறுமி மேளக்காரர்களிடம் கையெழுத்து வாங்க ஒரு சின்ன ரசீதுப் புத்தகம் வாங்கிவிட்டேன், மூன்று வெள்ளி எண்பது காசு. என் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பை அந்தத் தம்பியிடம் கொடுங்கள் என்று கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன். தலைவர் இன்னும் பதில் சொல்லவில்லை.